வட்டமேசையின் உடைவு: மத்தியகால வீரக்கதைகளில் விசுவாசமும் பகைமையும்

ஆதர் என்னும் பெயருடைய போர்த்தலைவன் ஒருவன் பிரித்தானியத் தீவில் உண்மையில் வாழ்ந்தானா என்னும் வினாவுக்கு வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த விடை கூறினாரல்லர். உரோமர் நீங்கிய பின்னர், 5ஆம் 6ஆம் நூற்றாண்டுகளில், சாக்சன் குடியேற்றக்காரரை எதிர்த்து நின்ற தலைவன் ஒருவனின் நினைவு அப்பெயரில் எஞ்சியிருத்தல் கூடும் என்பதற்கு மேல் துணிந்து எதனையும் கூறுவதற்கில்லை. அவனது வட்டமேசையைச் சூழ்ந்திருந்தோராகக் கூறப்படும் லான்சலொற், கவெயின், காறெத், கலஹாட் முதலியோரைப் பற்றி இத்தகைய ஐயமும் எழுவதில்லை. இன்று அறியப்படும் வடிவில் அவர்கள் 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையான பிரெஞ்சு, ஆங்கில எழுத்தாளரின் படைப்புக்கள். ஆகவே வரலாற்று மாணவனுக்கு அவர்களால் ஆவதொன்றில்லை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு வர்க்கம் தன்னைப் பற்றி யாது எண்ணியது, எதனைக் கண்டு அஞ்சியது என்பவற்றை அறிதற்கு அதன் நிலப்பத்திரங்களும் வரிக்கணக்குகளும் மட்டும் போதா. அது விரும்பிக் கேட்ட கதைகளையும் நோக்குதல் வேண்டும். மத்தியகால ஐரோப்பியப் பிரபுக்கள் முந்நூறு ஆண்டுகளாக விரும்பிக் கேட்ட கதை, தம்மைப் போன்ற வீரர் குழாம் ஒன்று தன்னைத் தானே அழித்துக்கொண்ட கதையாக இருந்தமை விளக்கத்தை வேண்டி நிற்கும் ஒரு வரலாற்று உண்மையாகும்.

இவ்வீரரைக் குறிக்கும் சொற்களே சில செய்திகளைக் கூறுகின்றன. பிரெஞ்சு மொழியின் 'செவாலியே' என்னும் சொல் குதிரையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. கவசமும் போர்க்குதிரையும் உடையவன் எவனோ அவனே செவாலியே. ஆங்கிலத்து 'நைற்' என்னும் சொல்லோ பழைய வழக்கில் ஏவலிளைஞனையே குறித்தது. ஒருபுறம் விலையுயர்ந்த படைக்கலங்களின் உடைமை, மறுபுறம் ஒரு தலைவனுக்கு ஏவல் செய்யும் நிலை என்னும் இவ்விரண்டுக்கும் இடையிலேதான் இக்குதிரைவீரரின் வாழ்வு அமைந்தது. நிலமானிய முறையிலே தலைவன் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவன் கைகளுள் வைத்து, 'உம்முடைய ஆள் ஆனேன்' என உறுதி கூறியவனுக்கு நிலம் கிடைத்தது. அந்நிலத்துக்கு ஈடாக அவன் போருக்குச் செல்லக் கடமைப்பட்டான். கோட்பாட்டளவில் இது எளிய ஏற்பாடு. நடைமுறையில் ஒருவனே பல தலைவரிடம் நிலம் பெற்றான். அத்தலைவர்கள் தம்முட் பொருதனர். எவன் பக்கம் நிற்பது? மார்க் புளொக் தமது 'நிலமானியச் சமுதாயம்' என்னும் நூலில் (1939-40) இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்துள்ளார். எல்லாத் தலைவருக்கும் மேலாக ஒருவனுக்கே முதன்மை விசுவாசம் என்னும் ஏற்பாடு சிக்கலைத் தீர்ப்பதற்கெனத் தோன்றியது. நாளடைவில் அந்த 'முதன்மை' விசுவாசமும் பலருக்கு வழங்கப்படலாயிற்று.

இம்முரண்பாட்டினை முதலிற் பாடியவை வீரக்கதைகள் அல்ல. அவற்றுக்கு முற்பட்ட பிரெஞ்சு வீரப்பாடல்களேயாம். டபிள்யு. பி. கேர் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் காவியத்துக்கும் றொமான்ஸ் எனப்படும் வீரக்கதைக்கும் இடையே வகுத்த வேறுபாடும், சட்விக் 1912இல் வகுத்துக் காட்டிய வீரயுகக் கோட்பாடும் தமிழ் மாணவருக்குப் புதியனவல்ல. சட்விக்கின் வழியைப் பின்பற்றியே பேராசிரியர் கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்த தமது ஆங்கில நூலிலே சங்கச் செய்யுளை ஆராய்ந்தார். ஆயினும் பிரெஞ்சு வீரப்பாடல்கள் எழுந்த காலம் வீரயுகம் அன்று. நிலமானியம் வேரூன்றிய காலம். ஆகவே அவற்றின் சிக்கல் புகழைப் பற்றியதாக மட்டும் அமையவில்லை, சட்டத்தைப் பற்றியதுமாகும். 778ஆம் ஆண்டிலே பிரனீஸ் மலைக்கணவாயில் சார்ள்ஸ் மன்னனின் பின்னணிப் படை அழிந்த செய்தியை 1100ஆம் ஆண்டளவில் காவியமாக்கிய றோலன் பாடலிலே, காட்டிக்கொடுத்தவனாகிய கனெலோன் விசாரணையில் கூறும் எதிர்வாதம் கருதத்தக்கது. தான் றோலனுக்கு வெளிப்படையாகப் பகை அறிவித்து அதன்படி பழிவாங்கியதாகவும், அரசனுக்குத் துரோகம் இழைக்கவில்லை என்றும் அவன் வாதாடுகிறான். அவையோர் பலர் அதனை ஏற்கவும் முன்வருகின்றனர். இறுதியில் இருவர் பொருது தீர்க்கும் சமரினாலேயே வழக்கு முடிவடைகிறது. கனெலோனும் அவனுக்குப் பிணை நின்ற உறவினர் முப்பதின்மரும் கொல்லப்படுகின்றனர். குடிப்பழிக்கும் அரசவிசுவாசத்துக்கும் இடையே சட்டம் இன்னும் தெளிவான கோடு கிழிக்காத சமுதாயம் அது என்பது இவ்விசாரணையாற் புலனாகும்.

'கம்பிறேயின் றவூல்' என்னும் பாடல் இதனினும் கொடியது. றவூல் ஒரு கன்னியர் மடத்துக்குத் தீயிடுகிறான். அவனது ஏவல்வீரனாகிய பேர்ணியரின் தாய் அதனுள் எரிந்து மாள்கிறாள். அப்போதும் பேர்ணியர் தலைவனை விட்டு நீங்கவில்லை. செய்த பிரமாணம் அவனைத் தடுத்து நிறுத்துகிறது. பின்னர் வாய்ச்சண்டையில் றவூல் ஈட்டித்தண்டால் அவன் தலையில் அடித்துக் குருதி சிந்தச் செய்கிறான். அந்த அடியே பேர்ணியரைப் பிரமாணத்தினின்று விடுவிக்கிறது. தாயின் மரணத்தால் அறாத கட்டு தண்டின் அடியால் அறுவது இன்றைய வாசகனுக்கு வியப்பாகலாம். தலைவன் தன் ஆளை நேரே அடித்தல் ஒப்பந்தத்தை முறித்தலாகும் என்பதே அக்காலத்தார் கொண்ட நியாயம்.

ஆதர் கதை இலக்கிய உலகிற் புகுந்தது மொன்மத் ஊரினரான ஜெவ்றி 1130களின் பிற்பகுதியில் இலத்தீனில் எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றினால் ஆகும். அதில் ஆதர் உரோமையே அஞ்சும் பேரரசன். மருமகன் மோட்றெட்டின் துரோகத்தால் வீழ்கிறான். லான்சலொற் அந்நூலில் இல்லை, வட்டமேசையும் இல்லை. மேசையைக் கொணர்ந்தவர் 1155இல் அந்நூலைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கிய வேஸ். பிரபுக்கள் ஒவ்வொருவரும் தம்மைப் பிறரினும் உயர்ந்தோராகக் கருதியமையால், எவரும் மேலிடத்தில் அமர்ந்ததாகப் பெருமை பேசாதவாறு ஆதர் அதனைச் செய்வித்தான் என்பது அவர் தரும் விளக்கம். 1200ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய லயமன் இதனை ஒரு முழுக் காட்சியாக விரித்தார். நத்தார் விருந்திலே இருக்கை முறை பற்றிப் பூசல் எழுகிறது, முதலில் அப்பங்களும் வெள்ளிக் கிண்ணங்களும் பறக்கின்றன, பின்னர் கத்திகள். பலர் மாள்கின்றனர். பூசலைத் தொடங்கியவனையும் அவன் உறவினரையும் ஆதர் கொடுமையாகத் தண்டிக்கிறான். அதன் பின்னரே கோன்வோல் நாட்டுத் தச்சன் ஒருவன் வந்து, 1,600 பேரும் அதற்கு மேலும் அமரக்கூடியதும், செல்லுமிடமெல்லாம் கொண்டு செல்லத்தக்கதுமான மேசையொன்றைச் செய்து தருவதாகக் கூறுகிறான். பின்னாளில் சமத்துவத்தின் சின்னமாக விளங்கிய வட்டமேசையின் பிறப்பு இத்தகையது. வீரர் ஒருவரையொருவர் நேசித்தமையால் அது செய்யப்படவில்லை, கொன்றமையால் செய்யப்பட்டது.

இவ்வீரர் யாவர் என்பதை அறியக் கதையை விட்டுச் சற்று வெளியே வருதல் வேண்டும். 12ஆம் நூற்றாண்டு வட பிரான்சிலே பிரபு குடும்பங்கள் நிலத்தைப் பிரியாது காக்கும் பொருட்டு மூத்த மகனுக்கே பெரும்பகுதியை அளித்தன. இளைய மக்கள் ஆயுதப் பயிற்சியும் குதிரையும் பெற்று வெளியேறினர். திருமணமும் நிலமும் இன்றி நாற்பது வயது வரையும் 'இளைஞர்' என்றே அழைக்கப்பட்ட இக்கூட்டத்தைப் பற்றி ஜோர்ஜ் துபி 1964இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெருந்திருப்பமாகும். இவர்களுக்குத் தொழில் போர். போரில்லாத காலத்தில் விளையாட்டுப் போர். திருச்சபை 1130இலேயே இவ்விளையாட்டுப் போர்களைத் தடை செய்தது. 1316இல் தடை நீக்கப்படும் வரை அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. தோற்றவனின் குதிரையும் கவசமும் வென்றவனுக்கு உரியன என்பதாலும், சிறைப்பட்டவன் மீட்புப்பணம் தரவேண்டியிருந்தமையாலும் அது விளையாட்டாக மட்டுமின்றிப் பிழைப்பாகவும் அமைந்தது.

வில்லியம் மார்ஷலின் வாழ்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நிலவுரிமைக்கு வாய்ப்பற்ற இளைய மகனாகப் பிறந்த அவன் சிறுவனாயிருந்த காலத்தில், 1152இல், ஸ்டீபன் மன்னனிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டான். தந்தை வாக்கை மீறவே சிறுவனைத் தூக்கிலிடுவதாக மன்னன் அச்சுறுத்தினான். இவனினும் நல்ல மக்களை வார்க்கத் தன்னிடம் சம்மட்டியும் பட்டடையும் உண்டு எனத் தந்தை மறுமொழி அனுப்பியதாக, மார்ஷலின் மரணத்தின் பின் இயற்றப்பட்ட 19,000 வரிகளுக்கு மேற்பட்ட வரலாற்றுச் செய்யுள் கூறுகிறது. உயிர் தப்பிய அச்சிறுவன் வளர்ந்து, கூட்டாளி ஒருவனுடன் சேர்ந்து பத்து மாதத்துள் 103 வீரரைச் சிறைப்பிடித்து, வருவாயைப் பங்கிட்டுக்கொண்டான். பின்னர் இளவரசுப் பட்டம் பெற்ற ஹென்றிக்கு உற்ற துணைவனானான். 1182இல் அத்தலைவனின் மனைவி மார்கறெற்றுடன் அவனுக்குத் தொடர்புண்டு எனப் பொறாமை கொண்ட அவையோர் குற்றஞ் சுமத்தியதாக அச்செய்யுள் கூறுகிறது; இதனை ஐயுறும் ஆய்வாளரும் உளர். உண்மை எதுவாயினும், தலைவனின் முதல்வீரன், தலைவி, பொறாமை கொண்ட தோழர் என்னும் முக்கோணம் அக்கால அவைகளில் நம்பத்தக்க பழியாக இருந்தமை தெளிவு. 1189இல் பெருநிலக்கிழத்தி இசபெல் டி கிளெயரை மணந்து பிரபுவாகிய மார்ஷல், 1204இல் நோர்மண்டி பிரெஞ்சு மன்னன் கைப்பட்டபோது தன் நோர்மண்டி நிலங்களைக் காக்கும் பொருட்டு அவனுக்கும் பிரமாணம் செய்தான். மறு ஆண்டு ஜோன் மன்னனுடன் சேர்ந்து அப்பிரெஞ்சு மன்னனை எதிர்க்க மறுத்தான். இரு தலைவருக்கு ஆளான ஒருவன் எவ்வாறு நெறிதவறாது நிற்பது என்னும் புளொக்கின் வினா இங்கே சதையும் குருதியுமாக நிற்கிறது. மார்ஷல் சட்ட நுணுக்கத்தாலும் வாள்வலியாலும் தப்பினான். 1216இல் சிறுவனாகிய மூன்றாம் ஹென்றிக்கு ஆட்சிப் பொறுப்பாளனுமானான்.

கதையிலே லான்சலொற்றுக்கு அவ்வாறு தப்பும் வழி வைக்கப்படவில்லை. 1170களின் இறுதியில் துறுவா நகரத்துக் கிறெற்றியன் 'வண்டியின் வீரன்' என்னும் கதையைப் பாடினார். கருவையும் கருத்தையும் தந்தவர் ஷாம்பெயின் சீமாட்டி மேரி என அவரே முகவுரையில் கூறுகிறார். அதனை முடிக்காது கொடெவ்றுவா என்னும் இன்னொருவரிடம் கையளித்தமையால், கதைப்பொருள் அவருக்கு முழு உவப்பாக இருக்கவில்லை எனக் கருதுவோர் உளர். கடத்தப்பட்ட அரசி குவினிவியரைத் தேடிச்செல்லும் லான்சலொற் தன் குதிரையை இழக்கிறான். குற்றவாளிகளை ஊர் காண ஏற்றிச்செல்லும் இழிவான வண்டியொன்று எதிர்ப்படுகிறது; அதில் ஏறினால் அரசியைப் பற்றிய செய்தி கிட்டும். அவன் இரண்டடி தூரம் தயங்கிவிட்டு ஏறுகிறான். வாளின் கூர்மேல் கைகால்களால் தவழ்ந்து பாலம் கடந்து, போராடி அவளை மீட்ட பின்னரும், அவள் அவனை முகங்கொடுத்துப் பாராள். காரணம் அந்த இரண்டடித் தயக்கமே. அங்கே அவன் தன் மானத்தைக் காதலோடு வைத்து நிறுத்துப் பார்த்தான் என்பது குற்றம். பின்னர் விளையாட்டுப் போரில், மோசமாகப் பொருமாறு அவள் சொல்லியனுப்ப அவன் நாள் முழுவதும் கோழை போல ஓடி ஏளனத்துக்கு ஆளாகிறான். மறுநாள் வெல்லுமாறு சொல்லியனுப்ப வெல்கிறான்.

1883இல் காஸ்ரன் பாரி இக்கதையை ஆராய்ந்தே 'அவைக்காதல்' என்னும் தொடரைப் புழக்கத்துக்குக் கொணர்ந்தார். காதலி இங்கே நிலமானியத் தலைவனின் இடத்தில் வைக்கப்படுகிறாள். காதலன் அவளது 'ஆள்'. எரிக் கோலர் 1956இல் வெளியிட்ட நூலிலே, நிலமற்ற கீழ்நிலை வீரரும் பெரும் பிரபுக்களும் ஒரே கொள்கையின் கீழ் ஒன்றுபடுவதற்கு இவ்வீரக்கதைகளின் இலட்சியம் உதவியது என வாதிட்டார். இக்கருத்து பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. பிறப்பினாலும் நிலத்தினாலும் அன்றிச் சேவையினாலேயே ஒருவன் உயர்வான் என்னும் நம்பிக்கை யாருக்குத் தேவைப்பட்டது என்பதை எண்ணின் அது விளங்கும். ஆயினும் கோலரின் விளக்கம் கதைகள் முரண்பாட்டை மூடி மறைப்பதையே வற்புறுத்துகிறது. அவை அதனைத் திறந்து காட்டும் இடங்களும் உண்டு. கிறெற்றியனின் 'இவேன்' கதையில் வீரன் ஒரு கோட்டையிலே 300 பெண்கள் கிழிந்த ஆடையுடன் பட்டு நெய்வதைக் காண்கிறான். தம் உழைப்பால் ஆண்டை செல்வனாவதையும், ஒரு பவுண் வேலைக்குத் தமக்கு நான்கு காசே கிட்டுவதையும் அவர்கள் கணக்கிட்டுக் கூறுகின்றனர். கவசத்துக்கும் பட்டாடைக்கும் விலை கொடுத்தோர் எவர் என்பது அவைப்புலவருக்குத் தெரியாததன்று.

13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஏறக்குறைய 1215க்கும் 1235க்கும் இடையில், இக்கதைகள் அனைத்தும் பெரும் பிரெஞ்சு உரைநடைத் தொகுதியாக இணைக்கப்பட்டன. இத்தொகுதியின் ஒரு பகுதியான 'புனித கிண்ணத்தின் தேட்டம்' சிஸ்ரேசியத் துறவியரின் சமயக்கருத்தைத் தழுவியது. உலகியல் வீரத்தின் உச்சமான லான்சலொற் அதில் தோல்வியுறுகிறான். அவன் மகனும் பெண்ணாசையற்றவனுமான கலஹாட் வெல்கிறான். இலக்கியச் சுவை நோக்கின், குற்றமற்ற கலஹாட்டினும் குற்றமுள்ள தந்தையே நினைவில் நிற்கிறான். இன்னொரு பகுதியில் வரும் கலஹோட் என்னும் பெருமன்னன், ஆதரை வெல்லும் தறுவாயில், லான்சலொற்றின் மேற்கொண்ட நட்பு ஒன்றுக்காகவே சரணடைகிறான். தலைவன், குடி, காதல், தோழமை, கடவுள் என ஐவகை விசுவாசங்கள் ஒரே கதைக்குள் வந்துசேர்ந்தன. ஒவ்வொன்றும் முழு மனிதனையும் கேட்பது. தனித்தனிக் கதைகளாக இருந்த வரை இவை முட்டவில்லை. ஒரு தொகுதியாக இணைத்தபோது அழிவு தவிர்க்கவியலாததாயிற்று.

இவ்வழிவை அதன் முழு வன்மையோடு ஆங்கிலத்தில் எழுதியவர் தோமஸ் மலொறி. தாம் சிறையிலிருக்கும் ஒரு வீரன் என்றும், நான்காம் எட்வேட் மன்னனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1469-70இல், நூலை முடித்ததாகவும் அவர் குறித்துள்ளார். இவரை வோறிக்ஷயரின் நியூபோல்ட் றெவெல் ஊரினரான மலொறி என்றே பெரும்பாலான ஆய்வாளர் கொள்கின்றனர். அம்மலொறி 1445இல் பாராளுமன்ற உறுப்பினர். 1450களில் பக்கிங்காம் கோமகனைக் கொல்லப் பதுங்கியிருந்தமை, மடத்தைச் சூறையாடியமை, கால்நடைத் திருட்டு, பாலியல் வன்முறை ஆகியவற்றுக்காகக் குற்றஞ் சாட்டப்பட்டவர். வழக்கு ஒருபோதும் விசாரித்து முடிக்கப்படவில்லை. 1468இலும் 1470இலும் அரசன் வழங்கிய பொது மன்னிப்புக்களில் இவர் பெயர் குறித்து விலக்கப்பட்டது, 1471இல் இறந்தார். பெண்களைக் காப்பதே வீரநெறி எனப் பிரமாணம் எழுதியவர் இத்தகையவரா என அதிர்ச்சியுற்றோர் பலர். குற்றச்சாட்டுகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கட்சிப்பகை என்பதைத் தீர்க்க இயலாது. எனினும் வன்முறையை அருகிருந்து அறிந்தவர் எழுதிய நூல் என்பதை அதன் பக்கங்களே காட்டுகின்றன.

அப்பிரமாணத்தையே எடுத்துக்கொள்ளலாம். வரம்புமீறிய கொடுமையும் கொலையும் செய்யாமை, துரோகத்தை விலக்கல், இரக்கம் கேட்போருக்கு இரக்கம் காட்டல், பெண்களுக்கு உதவல், அவர்களை வலிந்து கொள்ளாமை, பொருளுக்காக நியாயமற்ற வழக்கில் பொராமை என்பன அதன் விதிகள். ஆண்டுதோறும் பெந்தக்கோஸ்துத் திருநாளில் வட்டமேசையினர் இதனைப் புதுப்பிக்கின்றனர். பிரெஞ்சு மூலத்தில் இது இல்லை, மலொறி சேர்த்தது. பலரும் இதனைத் தனியே எடுத்து வீரமரபின் சாரமாகப் போற்றுவர். ஆயின் நூலில் இது வரும் இடம் யாது? ஆதரின் திருமண நாளில் மூவர் தேட்டத்துக்குச் செல்கின்றனர். கவெயின், இரக்கம் கேட்ட வீரன் ஒருவனை வெட்ட வாளோங்க, குறுக்கே விழுந்த அவன் காதலியின் தலை துண்டாகிறது. அத்தலையைக் கழுத்தில் கட்டிக்கொண்டே அவன் அவைக்குத் திரும்ப நேர்கிறது. பெலினோர், வழியில் உதவி கேட்டு அலறிய பெண்ணைக் கவனியாது தன் காரியமே கண்ணாகச் செல்கிறான். அவள் வாளால் உயிர்விடுகிறாள். அவள் தன் மகளே என்பதைப் பின்னர் அறிகிறான். இவ்விரு செய்திகளும் அவையிற் கூறப்பட்ட பின்னரே பிரமாணம் விதிக்கப்படுகிறது. ஆகவே அது செய்துவிட்ட குற்றங்களின் பட்டியலாகவும் அமைகிறது.

அதில் இல்லாத ஒரு விதி அதனினும் முக்கியமானது. குடிப்பழி வாங்கலாகாது என்று அது கூறவில்லை. அந்த இடைவெளி வழியாகவே வட்டமேசை உடைகிறது. ஓக்னி அரசன் லொத்தைப் பெலினோர் போரிற் கொன்றான். லொத்தின் மக்களான கவெயினும் தம்பியரும் பெலினோரைக் கொல்கின்றனர். பெலினோரின் மகன் லமொறாக், அவர்களின் கைம்பெண் தாயான மோர்கோஸுடன் காதல் கொள்கிறான். இருவரையும் ஒருங்கே கண்ட காஹெறிஸ் தன் தாயின் தலையை வெட்டுகிறான். லமொறாக்கை அப்போது விட்டுவிடுகிறான், அவன் கையில் ஆயுதமில்லை என்பதால்! வீரநெறியின் எழுத்து இங்கே கடைப்பிடிக்கப்படுகிறது. அதன் உயிர் எங்கே போயிற்று? பின்னர் உடன்பிறந்தார் நால்வர் லமொறாக்கை வழிமறித்துக் கொல்கின்றனர். மோட்றெட் முதுகுப்புறமாகக் குத்துகிறான். இக்கொலையிற் சேராதவன் காறெத் ஒருவனே. தனக்கு வீரப்பட்டம் அளித்த லான்சலொற்றையே அவன் நெஞ்சார நேசிக்கிறான். பழிவெறி கொண்ட தமையன்மாரினின்று விலகி நிற்கிறான்.

இறுதிப் பகுதியில் மலொறி காட்டும் நிகழ்ச்சித் தொடரைக் கூர்ந்து நோக்கினாலன்றி அழிவின் காரணம் புலப்படாது. அரசியின் கள்ளக்காதல் அவை அறிந்த இரகசியம். அதனை அரசனுக்கு வெளிப்படையாகக் கூறுவேன் என அக்றவெயின் எழும்போது, கவெயினும் காஹெறிஸும் காறெத்தும் அதில் பங்குகொள்ள மறுக்கின்றனர். ஆதரும் இதனை அறிய விரும்பினானல்லன் என மலொறி குறிப்பாக எழுதுகிறார். சொல்லப்பட்டு விட்டமையால் அவன் செயற்பட நேர்கிறது. அறைவாயிலில் அக்றவெயினும் பன்னிருவரும் லான்சலொற்றினால் மாள்கின்றனர். இறந்தோருள் கவெயினின் மக்களும் உளர். கவெயின் அதனையும் பொறுத்துக்கொள்கிறான். அவர்களை முன்னரே எச்சரித்தேன் என்கிறான். அரசியை எரியிடத்துக்கு அழைத்துச்செல்லுமாறு ஆதர் கட்டளையிட அதனையும் மறுக்கிறான். இளையோராகிய காஹெறிஸும் காறெத்தும் அரச கட்டளையை மறுக்க இயலாது செல்கின்றனர். தம் விருப்பமின்மையைக் காட்டும் பொருட்டு ஆயுதமின்றிச் செல்கின்றனர். அரசியை மீட்கப் பாய்ந்த லான்சலொற் நெரிசலில் இன்னாரென அறியாது இருவரையும் வெட்டி வீழ்த்துகிறான்.

காறெத் இறந்த செய்தி கேட்கும் வரை கவெயின் லான்சலொற்றின் பக்கமே நின்றான். அக்கணத்தின் பின் அவனுக்குச் சமாதானம் இல்லை. பாப்பரசரின் கட்டளையால் அரசி கணவனிடம் திரும்பிய பின்னரும், லான்சலொற் காறெத்துக்காக நாடு முழுவதும் வெறுங்காலுடன் நடந்து மடங்கள் அமைப்பதாக வேண்டிய பின்னரும், கவெயின் இணங்கவில்லை. கள்ளக்காதலின் வழக்கு அத்துடன் முடிந்துவிட்டது; போர் முடியவில்லை. இதனைக் கருதாமலே பலர் ஆதர் கதையைக் கற்பு நெறி பற்றிய கதையாகக் கொண்டனர். றோஜர் அஸ்கம் 1570இல் வெளிவந்த நூலில் இக்கதைகளைக் கொலையும் ஒழுக்கக்கேடும் நிறைந்தனவென இகழ்ந்தார். அவர் கூறிய இரண்டில் கொலைதான் அழிவுக்கு நெருங்கிய காரணம். தன் அரசியை இழந்ததினும் நல்வீரரை இழந்ததற்கே ஆதர் பெரிதும் வருந்துவதாக மலொறி எழுதுகிறார். அரசியர் வேறு கிடைப்பர், இத்தகைய குழாம் ஒருபோதும் கிடையாது என்பது அவன் புலம்பல். இன்று படிப்போருக்கு அது கடுமையாகவே ஒலிக்கும். குவினிவியரை அவன் எவ்வளவு எளிதாகக் கணக்கிலிருந்து நீக்குகிறான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பிரான்சில் லான்சலொற்றுடன் பொருது தலையிற் காயமுற்ற கவெயின், மோட்றெட் அரசைக் கைப்பற்றிய செய்தி கேட்டுத் திரும்பும் வழியில், டோவர் கரையில் அப்பழைய காயத்திலேயே மீண்டும் அடிபட்டு மாள்கிறான். இறக்குமுன் லான்சலொற்றை உதவிக்கு வருமாறு கடிதம் எழுதுகிறான். கடிதம் பிந்திவிடுகிறது. சோல்ஸ்பரிக்கு அண்மையில் இரு படைகளும் சமாதானம் பேசும் வேளையில், காலைத் தீண்டிய பாம்பை வெட்ட ஒரு வீரன் வாளை உருவ, அதனைத் துரோகமென எண்ணி இரு பக்கமும் பாய்கின்றன. மாலையில் நூறாயிரம் பிணங்கள். பாம்பு தற்செயல், ஒரு வாள் ஒளிர்ந்தவுடன் எவரும் எவரையும் நம்பாத நிலை தற்செயலன்று.

மலொறி எழுதிய காலத்து இங்கிலாந்து இதனை நன்கறியும். நிலத்தாற் பிணைந்த பழைய விசுவாசம் தளர்ந்து, ஆண்டுக்கூலியும் தலைவனின் இலச்சினை பொறித்த சீருடையும் பெற்ற ஆட்கள் பிரபுக்களைச் சூழ்ந்த காலம் அது. எட்வேட்டை அரியணையேற்ற உதவிய வோறிக் பிரபு 1469இல் அவனையே சிறைப்பிடித்தார். 1470இல் பகைவனாகிய ஆறாம் ஹென்றியை மீண்டும் அரசனாக்கினார். 1471இல் பார்ணெற் போரில் மாண்டார். மக்கள் மோட்றெட்டின் பக்கம் சாய்ந்ததைக் கூறுமிடத்தில் மலொறி கதையை நிறுத்தி, எதிலும் நிலைத்து நில்லாமையே ஆங்கிலேயரின் பெருங்குறை எனத் தம் நாட்டாரை நோக்கி நேரே பேசுகிறார். நூல் முழுவதிலும் அவர் இவ்வாறு வெளிப்படும் இடங்கள் மிகச் சிலவே.

அரசர்களோ இக்கதையை வேறு விதமாகப் படித்தனர். மூன்றாம் எட்வேட் 1344இல் வின்சரில் வட்டமேசை ஒன்றை நிறுவுவதாகச் சூளுரைத்து, 1348ஐ ஒட்டிக் காட்டர் என்னும் வீரர் சங்கத்தை அமைத்தார். மலொறியின் நூலைக் காக்ஸ்ரன் 1485 யூலை 31ஆம் நாள் அச்சிட்டு முடித்தார். மூன்று வாரம் கழித்து, ஓகஸ்ட் 22ஆம் நாள், பொஸ்வேத் களத்தில் மூன்றாம் றிச்சட் வீழ, ஏழாம் ஹென்றி முடிசூடினார். அவர் தம் முதல் மகனுக்கு ஆதர் எனப் பெயரிட்டு, குழந்தை வின்செஸ்ரர் நகரிலேயே பிறக்குமாறும் ஏற்பாடு செய்தார். அந்த ஆதர் 1502இல் இளவரசனாகவே இறந்தான். வின்செஸ்ரரின் பெருமண்டபத்தில் இன்றும் தொங்கும், ஏறக்குறைய 18 அடி விட்டமுள்ள ஓக் மரமேசை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியதென 1970களில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. அதன் மேலுள்ள வண்ணம் எட்டாம் ஹென்றி காலத்தது. எவருக்கும் மேலிடம் இருத்தலாகாது எனச் செய்யப்பட்டதாகக் கதை கூறும் மேசையின் மாதிரியிலே, மேலே அரியணையில் அரசன் அமர்ந்திருக்கிறான். நடுவில் டியூடர் குலத்தின் ரோசாமலர். விளிம்பைச் சுற்றி 24 வீரரின் பெயர்கள். லமொறாக்கின் பெயரும் கவெயினின் பெயரும் காறெத்தின் பெயரும் லான்சலொற்றின் பெயரும் அதே வட்டத்தில் உள்ளன. அரசனின் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் பெயர் கலஹாட். மறு பக்கத்தில் மோட்றெட்.